வாயில் கிளிப்பை மாட்டிவிட்டுக் கேட்ட அனுமதி

போன மாதம் நான் வேலை பார்த்த பல் கிளினிக்கிலிருந்து ஷர்மிளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, நம்ம பேஷண்ட் படம் ஒண்ணு வேற யாரோட வெப்சைட்லயோ இருக்குது. இதுக்கெல்லாம் நீங்கதான் எக்ஸ்பர்ட்டுன்னு டாக்டர் சொன்னாரு. என்னா செய்யணும்?"

நான் அப்போது பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எக்ஸ்பர்ட் என்று கேட்டதும் கையிலிருந்த ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் பேசினேன். அந்தப் பக்கத்தை முகவரியோடும் தேதியோடும் படம் பிடித்து வை. அச்செடுத்துக் கோப்பில் சேர். நம் அசல் படத்தின் எண்ணைத் தேடி எடு. கடிதத்தைச் சுருக்கமாக எழுது. பதில் வராவிட்டால் அந்த வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருக்கும் கம்பெனிக்கு எழுது. ஷர்மிளா எல்லாவற்றுக்கும் "ஓகே கா, ஓகே கா" என்றாள். போனை வைத்த பிறகுதான் என் முதுகு வரை நனைந்திருப்பது தெரிந்தது.

சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் நான் எப்படி எக்ஸ்பர்ட் ஆனேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கு முப்பத்தாறு வருடம் போய்வந்தேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்துவிட்டு, அந்தக் கிளினிக்கில் உறிஞ்சுகுழாயைப் பிடிக்கும் பெண்ணாகச் சேர்ந்தேன். முதல் வாரம் ரத்தத்தைப் பார்த்து ஒருமுறை மயங்கினேன். இரண்டாம் வாரம் நோயாளியே என்னைப் பார்த்து "பாப்பா, உட்காந்துக்கோ" என்றார். அதற்குப் பிறகு பழகிவிட்டது. சாமான்களைச் சுத்தம் செய்வது, கலவை குழைப்பது, எக்ஸ்ரே எடுப்பது, பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் நாலைந்து வருடத்தில் வந்துவிட்டன. எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போனது பல்லைப் படம் எடுப்பதுதான்.

பல்லைப் படம் எடுப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது. அதை மாட்டினால் யாராக இருந்தாலும் கடலிலிருந்து இழுத்துப் போட்ட மீன் மாதிரிதான் தெரிவார்கள். உள்பற்களை எடுக்க ஒரு நீளமான கண்ணாடியை வாய்க்குள் நுழைக்க வேண்டும். கண்ணாடியை முன்னதாகவே வெந்நீரில் வைத்துச் சூடாக்காவிட்டால் மூச்சுக்காற்று பட்டு மங்கிவிடும். எச்சிலை உறிஞ்ச வேண்டும். மூக்கால் மூச்சுவிடச் சொல்ல வேண்டும். முன்பக்கம், வலம், இடம், மேல், கீழ் என்று ஐந்து படம். ஆறாவதாக, கிளிப்பைக் கழற்றிய பின் ஒரு சிரிப்பு. அந்த ஆறாவது படம் எடுப்பதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது. ஃபெரியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால் மேல் கடைவாய்ப்பல்லைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுபிடிப்பேன். முகத்தைப் பார்த்தால் தெரியாது. இதனால் கல்யாண வீடுகளில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு.

எங்கள் டாக்டர் ஹமீது குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவரிடம் வேறொரு பழக்கம் இருந்தது. நாம் சொல்லும் கடைசி வாக்கியத்தை எடுத்து, அதை அப்படியே கேள்வியாக்கித் திருப்பித் தருவார். அவ்வளவுதான். "பஸ் லேட்டு டாக்டர்" என்றால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பஸ் லேட்டு?" என்பார். நம் பொய் நமக்கே கேட்கும். கோபம் அதிகமானால் எழுந்து போய்க் கைகழுவுவார். பல் டாக்டர் கைகழுவுவதில் வெளியார் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சோப்புப் போடும் நேரத்தை வைத்து நாங்கள் அளந்துவிடுவோம்.

கிளினிக்குக்கு வெப்சைட் வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது, சமூக மண்டபத்தில் இரண்டு நாள் கணினி வகுப்புக்குப் போயிருந்த ஒரே ஆள் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று ஜோடி ஜோடியாகப் படங்களைப் போட்டேன். ஒரு வருடத்துக்குள் நாற்பது வாய்கள் சேர்ந்தன. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

அப்புறம்தான் முதல் திருட்டைக் கண்டுபிடித்தேன். படத்தைக் கொடுத்தால் அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் வசதி இணையத்தில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சும்மா ஒரு செட்டுப்பல் படத்தைப் போட்டுப் பார்த்தேன். வேறொரு மாநிலத்துக் கிளினிக்கின் பக்கத்தில் அதே செட்டுப்பல் சிரித்துக்கொண்டிருந்தது. என் ரத்தம் கொதித்தது. மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். நீதிமன்றம் என்ற சொல் அதில் ஆறு இடத்தில் வந்தது. அதில் நாலு பெரிய எழுத்தில் இருந்தன.

டாக்டர் அதைப் படித்தார். "நாம கோர்ட்டுக்குப் போகப் போறோமா?"

"இல்ல டாக்டர். சும்மா பயமுறுத்த."

"சும்மா பயமுறுத்த?"

பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மிச்சமிருந்த ஓரத்தில் நாலு வாக்கியம் எழுதினார். இது எங்கள் நோயாளியின் படம். இதைப் பயன்படுத்த நோயாளி உங்களுக்கு அனுமதி தரவில்லை. ஏழு நாளில் எடுத்துவிடுங்கள். நன்றி. மூன்றாம் நாளே படத்தை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டு எழுதியிருந்தார்கள். அந்த வெற்றி முழுவதும் என்னுடையது என்றுதான் நான் எல்லாரிடமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் வேட்டை. எட்டரை மணிக்கு வந்து, முதல் நோயாளி வருவதற்குள் நாலைந்து வாய்களைத் தேடிவிடுவேன். ஒருமுறை வடக்கே ஒரு கிளினிக்கின் பக்கத்தில் அழகான ஒரு வெள்ளைப் பல்வரிசையைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பல். கோப்பில் தேடினால் கிடைக்கவில்லை. இருந்தாலும் தெரிந்த பல்தானே என்று போன் செய்து, மூன்று நாள் அந்தக் கிளினிக்கைப் பாடாய்ப்படுத்தினேன். கடைசியில் அங்கிருந்த மலாய்க்காரப் பெண் மிகப் பொறுமையாக, அது பீங்கான் பல் கம்பெனி எல்லாக் கிளினிக்குக்கும் கொடுத்த விளம்பரப் படம் என்றாள். உங்கள் கிளினிக்கிலும் இருக்குமே என்றாள். திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் நாலு வருடமாக அது தொங்கிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் அந்தப் போஸ்டரைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

இனிதான் தேவகியின் கதை. அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவர் வேண்டாம் என்றிருந்தால் எழுதியே இருக்க மாட்டேன்.

தேவகி புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. முதன்முதலில் எங்களிடம் வந்தபோது நாற்பது வயதிருக்கும். மேல்வரிசையில் முன்பற்கள் ஆறும் சிறுவயதிலேயே பழுப்பேறி, ஓரமெல்லாம் கரைந்துபோயிருந்தன. பேசும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். சிரிப்பு வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். பத்துத் தடவைக்கு மேல் வந்துபோன பிறகு ஆறு பற்களுக்கும் டாக்டர் பீங்கான் கேப் போட்டு முடித்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்தோம். தேவகி அதை அருகே கொண்டுபோய், விலக்கி, மறுபடி அருகே கொண்டுபோனார். பிறகு, "இது நான்தானா அக்கா?" என்று கேட்டார். அந்த வருடக் கடைசியில் வேறொரு பாலர் பள்ளிக்கு மாறிப்போனார். பழைய வாயைப் பார்த்தவர்கள் யாரும் இல்லாத இடம். அங்கே எல்லாருக்கும் அவர் சிரிக்கிற டீச்சர்.

ஆறேழு வருடம் கழித்து ஒருநாள் காலை கிளினிக்குக்கு வந்தார். கொரோனா முடிந்து எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்திருந்த சமயம். அவர் மட்டும் போட்டிருந்தார். சளி போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். கவுண்டருக்கு முன்னால் நின்று போனை நீட்டினார்.

"அக்கா, இத நீங்கதான் போட்டீங்களா?"

மூலிகைப் பல்பொடி விற்கிற ஒரு வெப்சைட். 'முப்பதே நாளில் முத்துப்பல்' என்று எழுதி, கீழே ஜோடிப் படம். முன், பின். நான் எடுத்த படங்கள். பல்பொடி தேய்த்தால் பீங்கான் முளைக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, உற்சாகம். ஒரு திருட்டு கிடைத்துவிட்டதே என்று பேனாவையும் கோப்பையும் எடுத்தேன். "கவலைப்படாதீங்க தேவகி, ஏழே நாளுல தூக்கிடலாம். இது எப்படி என் கண்ணுல படாமப் போச்சுன்னுதான் தெரியல" என்றேன்.

"இடம் வலம் மாத்திப் போட்டிருக்கான்" என்றார் தேவகி. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சிருச்சு. கண்ணாடியில நான் தினம் பார்க்குறது இப்படித்தானே."

அவர் மேலுதட்டுக்கு மேலே ஒரு மச்சம் உண்டு. படத்தில் அது பக்கம் மாறி இருந்தது. பெற்றோர்களின் வாட்சாப் குழுவில் ஒருவர் இந்தப் படத்தைப் போட்டு, 'இது நம்ம டீச்சரா?' என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள். பதினொன்று. தேவகி எண்ணியிருந்தார். மறுநாளிலிருந்து முகக்கவசம். பிள்ளைகள், டீச்சர் ஏன் பாட்டுப் பாடமாட்டேன் என்கிறார் என்று கேட்கிறார்களாம். வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாராம். இதையெல்லாம் மெதுவாக, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்.

"அவன் உங்க வெப்சைட்டுலேர்ந்து எடுத்திருக்கான். சரி. உங்க வெப்சைட்டுல எப்படிக்கா என் படம் வந்துச்சு? நான் போடச் சொல்லலையே."

"கேட்டேனே தேவகி. நீங்க சரின்னு சொன்னீங்களே."

அதற்குள் டாக்டர் அறைக்குள்ளிருந்து வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. தேவகியை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். என்னிடம் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. படத்தைச் சிகிச்சைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளச் சம்மதம் என்பது முதலாவது. விளம்பரத்துக்கும் பயன்படுத்தச் சம்மதம் என்பது இரண்டாவது. முதல் கட்டத்தில் தேவகியின் பேனாவில் அழகான ஒரு சரி. இரண்டாவது கட்டம் காலி.

"ரெண்டாவதுல டிக் இல்லையே விமலா."

"வாயால கேட்டேன் டாக்டர். கடைசி நாள் படம் எடுக்கறப்ப."

"என்ன சொன்னாங்க?"

"'ஆ'ன்னாங்க."

மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "'ஆ'ன்னாங்க?"

அப்போதுதான் அது எனக்கே கேட்டது. டாக்டர் கைகழுவப் போகவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, சுத்தம் செய்து உறையிட்டு வைத்திருந்த ஒரு கிளிப்பை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இத மாட்டிக்கிட்டு, 'இல்ல, வேணாம்'ன்னு சொல்லுங்க."

நான் தேவகியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உறையைப் பிரித்து மாட்டிக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஒரு நோயாளியின் முன்னால் மீன்போல வாயைப் பிளந்து நின்று 'வேணாம்' என்று சொல்ல முயன்றேன். உதடு சேராமல் எப்படி வரும். "ஏ... ஆ..." என்றுதான் வந்தது. எச்சில் வேறு வழிந்தது. டாக்டர் டிஷ்யூவை நீட்டினார்.

சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்றையும் அங்கேயே ஒப்புக்கொண்டேன். உதட்டுக்கு வெளியே எதுவும் தெரியாமல் வெட்டித்தான் படத்தைப் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மச்சம் தெரிந்திருக்கவே கூடாது. அதை வெட்டினால் சிரிப்பின் வளைவு அழகாக இல்லை என்று நான்தான் விட்டுவைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. படம் நன்றாக வந்திருந்தது, அவ்வளவுதான்.

"தப்பு எங்களோடது" என்றார் டாக்டர் தேவகியிடம். "அவன் எங்கள்ட்ட எடுத்தான். நாங்க உங்கள்ட்ட எடுத்தோம்." பிறகு என்னிடம் திரும்பினார். "முதல்ல நம்மளோடத எடுங்க. அப்புறம் அவனுக்கு எழுதலாம்."

பத்து நிமிடத்தில் எங்கள் பக்கத்திலிருந்து படம் போய்விட்டது. மற்ற முப்பத்தொன்பது வாய்களுக்கும் படிவத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அவர்களில் ஒன்பது பேர் இரண்டாவது கட்டத்தை விட்டிருந்தார்கள். ஒன்பது பேரும் எனக்கு ஆ சொன்னவர்கள். அன்று மாலைக்குள் அவர்கள் படங்களையும் எடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன்.

பல்பொடிக்காரரின் பக்கத்தில் முகவரி இல்லை. ஒரு போன் நம்பர் மட்டும். அடித்தால் தமிழில் பேசினார். குரலைக் கேட்டால் முப்பது வயது சொல்லலாம். மரியாதையாகவே பேசினார்.

"கூகுள்ல கிடந்துச்சுக்கா. அங்க கிடக்குறது எல்லாருக்கும் பொதுதானே?"

"அது ஒரு பொம்பளையோட வாயி தம்பி. பொது இல்ல. அவங்களக் கேட்டீங்களா?"

"எனக்கு யாருன்னே தெரியாது, எப்படிக் கேக்குறது? சரி, நீங்க போட்டிருந்தீங்களே. நீங்க கேட்டுட்டுத்தான் போட்டீங்களா?"

முப்பது வருட வேலையில் எத்தனையோ பேரைப் பேசி மடக்கியிருக்கிறேன். அன்று போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். "இல்ல தம்பி. நானும் கேக்கல. அதனாலதான் உங்கள்ட்ட கெஞ்சிக் கேக்குறேன்" என்றேன். அவர் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். ஏழு நாள் காத்திருந்தோம். எடுக்கவில்லை. அந்த வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனிக்கு எழுதினோம். படத்தை எடுத்தது எங்கள் கிளினிக்தான் என்பதற்கு அசல் கோப்பு, எடுத்த நாள், டாக்டரின் கையெழுத்து எல்லாம் கேட்டார்கள். கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் பக்கமே காணாமல் போனது. அதற்குள் வேறு மூன்று இடங்களில் அதே படம் இருந்தது. நான் இப்போது இடம் வலம் மாற்றியும் தேடக் கற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு இடங்களில் கேட்டதும் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்த ஒரு பக்கம். அங்கே இன்றுவரை பதில் இல்லை. ஷர்மிளா என்னை எக்ஸ்பர்ட் என்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பக்கம்தான்.

எல்லாம் முடிந்த பிறகு, உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் தேவகியைக் கேட்டார். தேவகி யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கு. அங்க வந்து, நடந்தத நடந்தபடி சொல்லணும்."

"நீங்க சிகிச்சை எடுத்தது வெளிய தெரிஞ்சிருமே" என்றார் டாக்டர்.

"தெரியட்டும். இப்பவே பதினொரு பேருக்குத் தெரிஞ்சதுதானே. நான் விளம்பரத்துக்குப் பல்லக் காட்டுனேன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. என்னையக் கேக்காமப் போட்டதுன்னு சொல்லுங்க."

"இத எழுத்துல கொடுங்க. மறுபடி தப்புப் பண்ணக் கூடாது. நானும் வர்றேன்."

"டாக்டர் வேணாம். நீங்க வந்தா எல்லாரும் எழுந்து நின்னுடுவாங்க. அக்கா வரட்டும்."

நான் வந்தால் யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை காலை பட்டர்வொர்த்தில் ரயிலேறிப் போனேன். கைப்பையில் மூன்று பக்கத்துக்கு எழுதிய பேச்சு. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் பற்றியே ஒரு பக்கம். பாலர் பள்ளியில் பெரியவர்களுக்கு நாற்காலி இல்லை. முப்பது பெற்றோர்களும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். மஞ்சள் நிறம், முதுகில் வாத்துப் படம். தேவகி முகக்கவசத்தோடு கதவோரம் நின்றார்.

என் முறை வந்தது. எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. அதைக் கழற்றிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மூன்று பக்கமும் எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது. ஆகவே மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"என் பேரு விமலா. பினாங்குல பல் கிளினிக்ல வேலை. குரூப்ல நீங்க பார்த்த படம் உங்க டீச்சரோடதுதான். நான் எடுத்தது. அவங்கள ஒழுங்காக் கேக்காம நான்தான் வெப்சைட்ல போட்டேன். அங்கேர்ந்து ஒருத்தர் எடுத்துப் பல்பொடி விளம்பரத்துக்குப் போட்டுட்டாரு. டீச்சருக்கு ரெண்டுமே தெரியாது. டீச்சர்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். உங்க முன்னாலயும் கேட்டுக்கிறேன்."

சிலர் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பதினொரு பேரில் சிலராக இருக்கலாம். பின்வரிசையில் பருத்த மனிதர் ஒருவர் கையைத் தூக்கினார். லோரி ஓட்டுபவர், மணியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாற்காலியிலிருந்து அவரால் எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே பேசினார்.

"குரூப்ல அதப் போட்டது நான்தான் டீச்சர். கிண்டலுக்குப் போடல. என் வீட்டுக்காரிக்கும் பல்லு அப்படித்தான். வெளிய எங்கயும் வரமாட்டா. இன்னிக்கிக்கூட வரல. அந்தப் பவுடரு ரெண்டு டப்பா வாங்கிட்டேன். ஒண்ணும் ஆவல. அப்புறம் படத்தப் பார்த்தா டீச்சர் மாதிரி இருந்துச்சு. டீச்சர் பல்லு எவ்வளவு நல்லா இருக்கு, அப்ப நிசமாத்தான் இருக்கும் போலன்னு நினைச்சேன். நேர்ல கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் குரூப்ல கேட்டேன்."

நேரில் கேட்க வெட்கப்பட்டு, முப்பது பேர் இருக்கும் இடத்தில் கேட்டிருக்கிறார். எனக்கு அந்த மனிதர்மேல் உடனே ஒரு பிரியம் வந்துவிட்டது. என்னைவிட மோசமாகக் கேள்வி கேட்கிறவர் ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

தேவகி கதவோரத்திலிருந்து நடந்து வந்தார். மணியத்தின் முன்னால் நின்று முகக்கவசத்தைக் கழற்றினார். பதற்றம் இல்லை, அவசரமும் இல்லை. ஆள்காட்டி விரலின் நகத்தால் முன்பல்லைத் தட்டினார். டொக் டொக் என்று எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இது பவுடர் இல்ல அண்ணே. பீங்கான். ஆறு பல்லு. பத்து தடவ போய் உட்காந்தேன், நல்லா வலிச்சுச்சு. அண்ணியக் கூட்டிட்டு வாங்க, டாக்டர் பேரு சொல்றேன்."

கூட்டம் முடிந்த பிறகு என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் வாயைத் திறந்தே காட்டினார். மணியம் கிளினிக் நம்பரை இரண்டு முறை எழுதி வாங்கிக்கொண்டார். குரூப்பில் சிரிப்பு முகம் போட்ட ஓர் அம்மா தேவகியிடம் தனியாகப் போய் ஏதோ சொன்னார். தேவகி தலையை மட்டும் ஆட்டினார். மன்னித்ததாகத் தெரியவில்லை, பேச்சை முடித்துக்கொண்டதாகத்தான் தெரிந்தது.

தேவகிதான் என்னைக் காரில் ரயில் நிலையத்துக்குக் கூட்டிவந்தார். முகக்கவசம் கைப்பையில் இருந்தது. நான் செய்த தவறு எவ்வளவு பெரிது என்று அந்த ஒரு காலையில் முப்பது பேருக்கு முன்னால் ஒப்புக்கொண்டு வந்தவள், சும்மா இருக்க வேண்டியதுதானே. என் மூளை அப்படி வேலை செய்வதில்லை. எத்தனை பேர் ஆர்வமாகக் கேட்டார்கள், அந்தப் படம் எவ்வளவு பேருக்கு உதவும் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கும் முன் கேட்டேவிட்டேன்.

"தேவகி, இப்ப வாயில ஒண்ணும் இல்ல. ஒழுங்காக் கேக்குறேன். மச்சத்த வெட்டிட்டு, அந்தப் படத்த மறுபடி போட்டுக்கலாமா?"

அவர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. தலையைக் குனியாமல், கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நன்றாகச் சிரித்தார்.

"வேணாம் லா அக்கா" என்றார்.

திங்கட்கிழமை காலை தேடுவதற்கு உட்காரவில்லை. தேவகியின் கோப்பை எடுத்து, அவர் சொன்னதைப் படிவத்தில் பதியப் பார்த்தேன். எங்கே பதிவது என்று தெரியவில்லை. பதிவுக்குச் சம்மதம் என்று ஒரு கட்டம், விளம்பரத்துக்குச் சம்மதம் என்று ஒரு கட்டம். இத்தனை வருடம் ஆயிரக்கணக்கான பேரிடம் நீட்டிய அந்தத் தாளில் வேண்டாம் என்று சொல்ல இடமே வைத்திருக்கவில்லை. கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து, இரண்டாவது கட்டத்துக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று வரைந்தேன். பக்கத்தில் 'வேண்டாம்' என்று எழுதி, உள்ளே சரி போட்டு, டாக்டர் மேசையில் கையெழுத்துக்கு வைத்தேன்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இத அச்சடிக்கக் கொடுத்துருங்க" என்றார்.